சதுர அடிக்கு ஒரு டாலர்: டெட்ராய்ட் போதகர் ஒருவர் ஏழைகளுக்குச் சேர்த்த சுதந்தரம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லாட்ஜ் நெடுஞ்சாலை ஓரமாக வுட்ரோ வில்சன் தெருவை ஒட்டிய பகுதியில், ஒன்றைப் போல் ஒன்று இல்லாத சின்னச் சின்ன வீடுகள் நிற்கின்றன. மிகச் சிறியது 250 சதுர அடி, மிகப் பெரியது 400. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனை உண்டு. முப்பதுக்கு நூறடி, நம் கணக்கில் ஒன்றேகால் கிரவுண்டு. வாடகை சதுர அடிக்கு மாதம் ஒரு டாலர். முந்நூறு சதுர அடி வீட்டில் இருப்பவர் 300 டாலர் கட்டுகிறார். ஏழு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிக் குடியிருந்தால் வீடும் மனையும் அவர் பெயருக்கு மாறும். இங்கே குடிவந்தவர்களில் தெருவில் படுத்தவர்கள் உண்டு, சிறையிலிருந்து வந்தவர்கள் உண்டு, அரசுப் பராமரிப்பில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. சிறு வருமானத்தில் காலம் தள்ளும் முதியவர்கள், கல்லூரி மாணவர்கள் சிலரும் இருக்கிறார்கள்.

இதைத் தொடங்கியவர் ஃபெய்த் ஃபௌலர், ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் போதகர். ஏழைகளுக்குச் சோறு போடும் சபைகள் எல்லா ஊரிலும் உண்டு. குளிர்காலத்தில் கதவைத் திறந்து படுக்க இடம் கொடுக்கும் சபைகளும் உண்டு. ஃபௌலரும் அந்த இரண்டையும் பல ஆண்டுகள் செய்தவர்தான். ஏழையின் கையில் சொத்துப் பத்திரம் இருக்க வேண்டும் என்று அதற்கு அடுத்த படிக்குப் போனதில்தான் அவர் ஊழியம் வேறுபடுகிறது. அந்தப் படி ஏன் தேவைப்பட்டது, அதை எப்படிக் கட்டினார்கள், எங்கே இடறியது என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்க உதவித்தொகைச் சட்டத்துக்குள்ளும் டெட்ராய்ட்டின் நிலக்கதைக்குள்ளும் கொஞ்சம் போக வேண்டும்.

ஃபௌலர் 1994-ல் காஸ் சபைக்கு நியமிக்கப்பட்டார். மெதடிஸ்ட் வழக்கத்தில் போதகரைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை. பேராயர் நியமிப்பார், சில ஆண்டுகளில் வேறு சபைக்கு மாற்றுவார். பெண்களுக்கு முழு ஊழிய உரிமையை அமெரிக்க மெதடிஸ்ட்கள் கொடுத்தது 1956-ல். அதற்குப் பிறகும் பெண் போதகர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறிய, பணமில்லாத சபைகள்தான். அந்தச் சபை இருந்த காஸ் காரிடார் என்ற பகுதி அன்று டெட்ராய்ட்டின் மிக வறிய பகுதிகளில் ஒன்று. மலிவு விடுதிகள், போதைப் பழக்கம், மனநல மருத்துவமனைகள் மூடப்பட்டதால் போக்கிடமில்லாமல் வந்து சேர்ந்தவர்கள் என்று நிறைந்திருந்தது. அங்கே ஃபௌலர் மாற்றம் கேட்காமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கினார். இந்த ஊழியத்தில் வேறு எதைவிடவும் இதுதான் முக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. தெருவில் இருக்கும் ஒருவர் உங்களிடம் தன் சொந்தப் பெயரைச் சொல்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். நாலாண்டுக்கு ஒரு முறை போதகர் மாறினால் அந்த நம்பிக்கை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2002-ல் சபையின் சமூகப் பணிகள் ‘காஸ் கம்யூனிட்டி சோஷியல் சர்வீசஸ்’ என்ற தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்டன. சபை தன் பெயரிலேயே விடுதி நடத்தினால் பல சிக்கல்கள் வரும். மத்திய அரசின் வீடற்றோர் நிதியைப் பெறும் இடத்தில், ஆராதனைக்கு வந்தால்தான் சாப்பாடு என்று நிபந்தனை வைக்க முடியாது. ஆராதனையும் அரசுப் பணத்தில் நடக்கும் சேவையும் நேரத்தாலோ இடத்தாலோ பிரிந்திருக்க வேண்டும். விடுதியில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் கோயில் கட்டடமே கடனுக்குள் போய்விடலாம். கணக்குத் தணிக்கையும் வேறு வகை. தனி அமைப்பு, தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு இருந்தால்தான் அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் பெரிய தொகை தரும். உணவு, குளிர்காலத் தங்குமிடம், நிலையான வாடகை வீடுகள், மருத்துவம், வேலை எல்லாம் இந்த அமைப்பின் கீழ் வந்தன. வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்கும் காஸோடு சேர்ந்ததுதான்.

இவ்வளவு இருந்தும் ஏழை ஏழையாகவே ஏன் இருந்தார்? பதிலின் பெரும்பகுதி ஒரு சட்ட வரம்பில் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கும் வருமானமில்லாத முதியவருக்கும் எஸ்எஸ்ஐ என்ற மாத உதவித்தொகை உண்டு. தனிநபருக்கு 2017-ல் அது மாதம் 735 டாலர். இதைப் பெறுபவரிடம் எண்ணத்தக்க சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பு 1989-லிருந்து மாறவே இல்லை. விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் அதே இரண்டாயிரம்தான். ஆக, ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் ஐம்பது டாலர் சேர்த்தால் மூன்றரை ஆண்டில் வரம்பைத் தாண்டிவிடுவார், உதவித்தொகை நின்றுவிடும். சேமிப்பதற்கே தண்டனை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. குடியிருக்கும் வீடும் அது நிற்கும் மனையும் சொத்துக் கணக்கில் வராது. வங்கியில் 2,001 டாலர் வைத்திருந்தால் உதவி போகும். நாற்பதாயிரம் டாலர் பெறுமான வீட்டில் சொந்தக்காரராக வாழ்ந்தால் போகாது.

ஏழையின் கையில் சேரக்கூடிய பெரிய சொத்து பெரும்பாலும் வீடுதான் என்பது இதிலிருந்து வருகிறது. சின்ன வீடுகளை அமெரிக்கப் பத்திரிகைகள் பெரும்பாலும் அழகுப் பொருளாகவே படம் பிடித்தன. அவற்றுக்கு அடியில் இருப்பது இந்தச் சட்டக் கணக்கு.

தன் தாய் இறந்தபோது அவர் விட்டுச்சென்றதைப் பெற்றதுதான் யோசனையின் தொடக்கம் என்று ஃபௌலர் சொல்லியிருக்கிறார். தன்னைப் போன்றவர்களுக்குப் பெற்றோர் எதையாவது விட்டுப் போகிறார்கள். தான் ஊழியம் செய்யும் மக்களுக்கு அப்படி எதுவும் வந்ததுமில்லை, அவர்கள் பிள்ளைகளுக்கு விட்டுப்போக எதுவும் இருப்பதுமில்லை. தமிழ் பைபிளில் இதற்கு அழகான ஒரு சொல் உண்டு: சுதந்தரம். தகப்பன் வழியாக வரும் பங்கு என்பதுதான் அங்கே அதன் பொருள். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன்னால் வந்து நின்று கேட்டதும் இதைத்தான். தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக அவன் பங்கு ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று தீர்ப்பாகிறது. நிலப்பங்கைப் பற்றிய அந்த வழக்கைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள் என்பதை ஒரு பெண் போதகரின் ஊழியத்தோடு சேர்த்து வாசிக்கத் தோன்றுகிறது.

இனி மாதக் கணக்கு. அமெரிக்க வீட்டுத் துறை வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை அடங்கினால்தான் கட்டுப்படியாகும் வீடு என்று கொள்கிறது. 735 டாலர் வாங்கும் ஒருவர் 300 டாலர் வாடகை கொடுத்தால் 41 சதவீதம் போய்விடும். அது தாங்காது. இந்த இடத்தில்தான் வேலை உள்ளே வருகிறது. எஸ்எஸ்ஐ பெறுபவர் சம்பாதித்தால் முதல் 85 டாலரை அரசு கண்டுகொள்ளாது. அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் உதவியில் ஒரு டாலர் குறையும். பகுதி நேர வேலையில் மாதம் 485 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85-ஐக் கழித்தால் 400, அதில் பாதி 200 உதவியில் குறையும். 735-ல் 200 போக 535, அதோடு கூலி 485 சேர்ந்து 1,020 டாலர். இப்போது 300 டாலர் வாடகை 29 சதவீதம்தான். வீடு மட்டும் இருந்தால் தவணை தவறும். வேலை மட்டும் இருந்தால் சேமிப்பு வரம்பு இடிக்கும். இரண்டும் ஒரே வளாகத்தில் நடந்தால்தான் கணக்கு நிற்கிறது.

அந்த வேலைகளை எங்கிருந்து எடுத்தார்கள்? ஊரில் எல்லோரும் வேண்டாமென்று எறிந்ததிலிருந்து. 1950-ல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை பதினெட்டரை லட்சம். 2010-ல் ஏழு லட்சத்துச் சொச்சம். காலியான மனைகளில் இரவோடு இரவாகப் பழைய டயர்களைக் கொட்டிவிட்டுப் போவார்கள். முறைப்படி ஒழிக்கக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் கட்டாமல் கொட்டுகிறார்கள். அதில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும், தீப்பிடித்தால் நாள்கணக்கில் எரியும். காஸ் அமைப்பு இந்த டயர்களைப் பொறுக்கி வந்து கால்மிதிகளாக்கி விற்றது. டயர் பட்டையை அடிப்பாகமாக வைத்துச் செருப்பும் செய்தது. டயர் செருப்பு நமக்குப் புதிதல்ல. அங்கே அது புதுமையாக விலைபோயிற்று.

டயர் கால்மிதி செய்யப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. பக்கச் சுவரை வெட்டி நீக்கி, தரையில் பதியும் பட்டையைத் தனியே எடுக்க வேண்டும். அதைச் சம அகலத் துண்டுகளாக நறுக்கி, துளையிட்டு, கம்பியில் கோர்த்து முனையை இறுக்கினால் கால்மிதி தயார். சேறு இடுக்குகளில் இறங்கிவிடும் என்பதால் பனியும் சேறுமான ஊரில் நன்றாக உதவும். சிரமம் எஃகு இழைகளில்தான். இன்றைய கார் டயர்களின் பட்டைக்குள் எஃகு வலை இருக்கிறது. வெட்டும் அலகு சீக்கிரம் மழுங்கும், அறுந்த இழை முனை கையைக் குத்தும். தடித்த கையுறை இல்லாமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. இன்னொரு வேலை ஆவணங்களைத் துண்டாக்குவது. அலுவலகங்களின் ரகசியக் காகிதங்களைப் பெற்று, தரம் பிரித்து, பொடியாக்கி மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒரே மாதிரியான, அவசரமில்லாத வேலை என்பதால் அவர்களுக்குப் பொருந்துகிறது.

சிறிதாக இருந்தால் மலிவாக இருக்கும் என்பது வீடு கட்டுவதில் பாதிதான் உண்மை. 300 சதுர அடி வீட்டுக்கும் ஒரு சமையல் மேடை, ஒரு கழிவறை, ஒரு ஹீட்டர், ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு மின் இணைப்பு, ஒரு கழிவுநீர்க் குழாய் வேண்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவேதான். செலவில் பெரும்பங்கு இந்தப் பட்டியலில் இருப்பதால் சதுர அடிக்கான செலவு சிறிய வீட்டில் ஏறிவிடும். தொடக்க காலத்தில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 40,000 முதல் 50,000 டாலர் ஆயிற்று. தன்னார்வலர்களின் உழைப்பு சேர்ந்தும் இவ்வளவு.

குளிர் இன்னொரு செலவு. டெட்ராய்ட்டில் ஜனவரி இரவுகளின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி செல்சியஸ். மண்ணின் ஈரம் உறைந்தால் உப்பிக் கட்டடத்தைத் தூக்கும். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் உறைபனி இறங்கும் ஆழமாகக் கொள்வது 42 அங்குலம், மூன்றரை அடி. அஸ்திவாரம் அதற்குக் கீழே போக வேண்டும், அல்லது விளிம்பைச் சுற்றிக் குளிர்காப்புப் பலகை பதிக்க வேண்டும். பழைய வீடு இடிக்கப்பட்ட மனையானால் நிலவறைக் குழியை இடிபாடு போட்டு மூடியிருப்பார்கள். அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலே தளம் போட்டால் இரண்டு குளிர்காலத்தில் வெடித்துவிடும்.

இந்தச் செலவையெல்லாம் தவிர்க்கச் சக்கரம் வைத்த சின்ன வீடுகளை வாங்கியிருக்கலாம். அமெரிக்காவில் அவை பரவலாக உண்டு, விலையும் குறைவு. ஆனால் சக்கரம் வைத்த வீடு சட்டப்படி வண்டி. அதற்குப் பத்திரம் கிடையாது, வண்டிப் பதிவுதான். ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையும். நிலத்தில் அஸ்திவாரத்தோடு நிற்கும் வீடுதான் சுதந்தரமாகக் கைமாறும். வெளித்தோற்றம் ஒவ்வொன்றும் வேறுவேறாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளைப் பார்த்தால் யாருக்கும் இது தர்ம வீடு என்று தெரிந்துவிடும். முன்திண்ணையோடு, தனி நிறத்தில், தனி மனையில் இருந்தால் அது இன்னாருடைய வீடு.

கட்டுமானப் பணம் அறக்கட்டளைகள், நிறுவனங்கள், தனிநபர்கள் ஆகியோரின் நன்கொடையாக வந்தது. வீட்டின் மேல் கடன் இல்லை. 300 டாலர் வீதம் 84 மாதம் கட்டினால் 25,200 டாலர், கட்டிய செலவுக்கே எட்டாது. கட்டிய பணத்தை மீட்பதல்ல நோக்கம். ஆனால் இதன் மறுபக்கமும் கவனிக்க வேண்டியது. வீடுகள் தங்கள் வருமானத்தாலேயே பெருகாது. இருபத்தாறாவது வீட்டுக்கு மறுபடியும் யாரிடமாவது கை நீட்ட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வீடில்லாமல் இருக்கும் நகரத்துக்கு இருபத்தைந்து வீடு என்ற முதல் கட்ட எண்ணிக்கை ஏன் அவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே விளக்கம். சிறிய வீடு தனியாளுக்கும் தம்பதிக்கும்தான் பொருந்தும். மூன்று பிள்ளைகளோடு தெருவுக்கு வந்த தாயை 300 சதுர அடியில் வைக்க முடியாது. அவருக்கு வேறு வகை வீடு வேண்டும்.

அந்த ஏழு ஆண்டுகளில் முதலில் சாதாரண வாடகை, பிறகு ‘லேண்ட் கான்ட்ராக்ட்’ எனப்படும் தவணை ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்துக்கு டெட்ராய்ட்டில் கசப்பான வரலாறு இருக்கிறது. கறுப்பர்கள் வாழும் பகுதிகளை வங்கிகள் ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்களுக்கு வீடு வாங்க இருந்த வழி பெரும்பாலும் இதுதான். விற்பவர் கடைசித் தவணை வரை பத்திரத்தைத் தன்னிடமே வைத்திருப்பார். தவணை தவறினால் அதுவரை கட்டியதெல்லாம் போகும். மிச்சிகன் சட்டப்படி, விலையில் பாதிக்குக் குறைவாகக் கட்டியவருக்கு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பாக்கியைக் கட்டி மீட்க 90 நாள், பாதியோ அதற்கு மேலோ கட்டியவருக்கு ஆறு மாதம். அதனால் விற்பவர் யார், தவணை தவறும் மாதத்தில் அவர் என்ன செய்வார் என்பதைப் பொறுத்து இதே ஒப்பந்தம் ஏணியாகவும் இருக்கும், பொறியாகவும் இருக்கும்.

காஸ் திட்டமும் இந்த உரசலுக்குத் தப்பவில்லை. 2023-ல் குடியிருப்பாளர் ஒருவர் நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் வெளியேற்றப்பட்டார். அவர் அந்த வீட்டை நிரந்தர வசிப்பிடமாகப் பயன்படுத்தவில்லை என்றது அமைப்பு. திட்டத்தைக் குறைகூறியதால்தான் தன்னை வெளியேற்றினார்கள் என்றார் அவர். வெளியேற்றத்தை எதிர்க்கும் இயக்கத்தினர் அவருக்காகத் திரண்டார்கள். யார் சொன்னது சரி என்பதைவிட இதில் தெரியும் பிளவு முக்கியம். போதகரும் வீட்டுக்காரரும் ஒரே ஆளாக இருக்கும்போது, குறை சொல்ல வருபவர் யாரிடம் போவார்? நிதி ஆலோசகரைச் சந்திப்பது, குடியிருப்போர் கூட்டத்துக்கு வருவது போன்ற நிபந்தனைகள் பழக்கம் திருந்த உதவலாம். ஆனால் அவற்றை மீறினால் வீடு போகும் என்ற நிலையில் அன்பும் அதிகாரமும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. நியூயார்க்கில் 1992-ல் உருவான ‘முதலில் வீடு’ என்ற அணுகுமுறை நிபந்தனைகளையே எடுத்துவிடச் சொல்கிறது. குடியை விட்டால்தான் வீடு என்று சொல்லாதே, வீட்டைக் கொடு, மற்றதைப் பிறகு பேசு என்கிறது. நெடுநாள் தெருவில் இருந்தவர்களை வீட்டுக்குள் நிலைநிறுத்துவதில் அது நன்றாக வேலை செய்கிறது. சொந்தமாகும் வீட்டுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் சொந்தக்காரருக்கு வரி உண்டு, பழுது உண்டு, காப்பீடு உண்டு. குறைந்தபட்சம் புகார்களைக் கேட்க அமைப்புக்கு வெளியே உள்ள ஒருவரை முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது இதைப் போல் தொடங்கும் எவருக்கும் அவசியம்.

பத்திரம் கைக்கு வந்த பிறகும் ஆபத்து தீராது. மிச்சிகனில் சொத்து வரி மூன்று ஆண்டு பாக்கியானால் மாவட்ட நிர்வாகம் வீட்டை எடுத்துக்கொள்ளும். 2010 முதல் 2016 வரை டெட்ராய்ட் நகராட்சி வீடுகளின் மதிப்பைக் கூட்டிக் காட்டிக் குறைந்தது 60 கோடி டாலர் அதிக வரி விதித்ததாக 2020-ல் டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் கணக்கிட்டது. அந்த வரியைக் கட்ட முடியாமல் வீடிழந்தவர்கள் பலர். ஏழைச் சொந்தக்காரருக்கு வரி முழுதாகவோ ஓரளவோ தள்ளுபடியாகும் வசதி உண்டு. ஆனால் அதற்குத் தானே விண்ணப்பிக்க வேண்டும், வீடு தன் பெயரில் பதிவாகியிருப்பதைக் காட்டவும் வேண்டும்.

சொந்தக்காரர் உயில் எழுதாமல் இறந்தால் சிக்கல் மறுபடி தொடங்கும். வீட்டில் தங்கிவிட்ட மகளுக்கோ பேரனுக்கோ உரிமை இருக்கும், பதிவு இருக்காது. வரி ரசீது இறந்தவர் பெயருக்கே வரும், தள்ளுபடி விண்ணப்பம் திரும்பி வரும், மூன்று ஆண்டில் வீடு ஏலத்துக்குப் போகும். அதனால் ஏழாம் ஆண்டு முடிந்து, டெட்ராய்ட் அடங்கிய வேய்ன் கவுண்ட்டி மாவட்டத்தின் பதிவகத்தில் பத்திரம் பதிவாகும் வாரத்திலேயே உயிலையும் எழுதிக் கையெழுத்திட்டு, சாட்சி இரண்டு பேரையும் உட்கார வைத்து முடித்துவிட வேண்டும்.